மலையில்லாத கீரிமலையில் ஒரு பாரமானி

கீரிமலைக்கு முதல் தடவையா வாற வெளியூர் ஆக்கள் கேணியைப் பார்க்க முதலே கேட்கிற கேள்வி, "மலை எங்க?" என்பதுதான். கீரிக்குக் கதை இருக்கிறது. கீரிமுகத்தோடு திரிந்த நகுல முனிவர் இந்தத் தண்ணியில் குளித்து முகம் மாறினார், நகுலேஸ்வரம் என்ற பெயரும் அதால்தான் வந்தது என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். மலைக்குத்தான் சாட்சி இல்லை. குடாநாடு முழுக்க ஒரு சுண்ணாம்புக்கல் தட்டு. பெரும்பாலான நிலம் கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்குள் கிடக்கிறது. வலிகாமம் வடக்குப் பக்கம் கொஞ்சம் மேடு, அவ்வளவுதான். கேணிக்குப் பக்கத்துக் கல்விளிம்பில் நின்று கடலைப் பார்த்தால் ஏதோ பெரிய உயரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். வளவில் நிற்கிற தென்னை அதைவிட உயரம்.

உண்மையைச் சொன்னால் எங்களிடம் மலையை விடப் பள்ளம்தான் கனக்க. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் வெட்டின கிடங்குகள் இந்தப் பக்கமெல்லாம் கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, உயரம் மாறினால் ஆய்வுகூடத்துப் பாரமானி என்ன காட்டும் என்று கட்டுரை எழுதுவது கொஞ்சம் பகிடிதான். ஆனால் எங்களை இதுக்குள் இழுத்துவிட்டது ஒரு எண்: 76.

பின்னேரங்களில் நாங்கள் சில பேர் சேர்ந்து உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிறோம். அவர்களின் செய்முறைக் கொப்பிகளில் ஒரு பரிசோதனை வரும். ஒரு முனை மூடிய ஒடுங்கிய கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு இரச இழை, இழைக்கும் மூடிய முனைக்கும் இடையில் சிறைப்பட்ட கொஞ்ச வளி. குழாயை வாய் மேலே இருக்க நிமிர்த்திப் பிடித்தால் இரசத்தின் பாரம் வளியை நெருக்கும். தலைகீழாய்ப் பிடித்தால் வளி நீளும். இரண்டு நீளத்தையும் இரச இழையின் நீளத்தையும் வைத்து வளிமண்டல அமுக்கத்தைக் கணக்கிடலாம். அழகான பரிசோதனை. பாரமானி இல்லாத பள்ளிக்கூடத்திலும் செய்யலாம். பதினொரு கொப்பி பார்த்தோம். ஒன்பதில் விடை 76.0 சென்ரிமீற்றர் இரசம் என்று இருந்தது.

இது நடக்கச் சாத்தியமே இல்லை. கணக்குப் பண்ணிப் பாருங்கள். இரச இழை 15 சென்ரிமீற்றர், நிமிர்ந்த நிலையில் வளி நீளம் 20.0, தலைகீழில் 29.8 என்றால் விடை 76.2. அந்த 29.8ஐ 29.9 என்று வாசித்தால் விடை 75.6. ஒரே ஒரு மில்லிமீற்றர் வாசிப்பில் அமுக்கம் ஆறு மில்லிமீற்றர் இரசம் அளவுக்கு மாறுகிறது. அப்படியான கருவியில் ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒரே விடை வந்திருக்கிறது என்றால், விடையை முதலில் எழுதிவிட்டுத்தான் நீளத்தை எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. 76 வராவிட்டால் "பிழை" என்று சிவப்புப் பேனை போடுகிற பழக்கம் பல வருசமாய் இருக்கிறது.

அப்ப கீரிமலையில் உண்மையான அமுக்கம் எவ்வளவு? இந்தக் கேள்வியோடுதான் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரிடம் போனோம். 1990இல் ஊரோடு இடம்பெயர முதல் அவர் படிப்பித்த ஆய்வுகூடத்தில் சுவரில் போட்டின் பாரமானி ஒன்று தொங்கினதாம். ஆள் உயரத்துக்குக் கிட்ட, பித்தளை அளவுச்சட்டம், வேணியர் எல்லாம் வைச்சது. அதுக்குப் பக்கத்தில் ஒரு மட்டையில் மூன்று வரி எழுதி ஒட்டியிருந்ததாம்: வெப்பநிலைக்கு இவ்வளவு, அகலாங்குக்கு இவ்வளவு, உயரத்துக்கு இவ்வளவு. பாரமானி போய்விட்டது, மட்டையும் போய்விட்டது. எண்கள் அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் ஒன்று சொன்னார்:

"முதல் ரெண்டையும் எப்பவும் கழிக்கவேணும் பிள்ளையள். மூண்டாவது இருக்கே, அதை எப்ப கூட்டவேணும், எப்ப தொடக்கூடாது எண்டு விளங்கினால் பாரமானி விளங்கின மாதிரி."

அந்த மட்டையைத் திரும்ப எழுதிப் பார்ப்போம் என்றுதான் நாங்கள் இறங்கினோம்.

முதல் வரி வெக்கை. இரசம் சூட்டில் விரியும், அடர்த்தி குறையும். அதே அமுக்கத்தைத் தாங்க நீளமான தூண் வேண்டும். பித்தளைச் சட்டமும் கொஞ்சம் விரிவதால் அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாகைக்குப் பத்தாயிரத்தில் 1.6 பங்கு அளவு. எங்கட ஊர் ஆய்வுகூடத்தில் 30 பாகை சாதாரணம். 760 மில்லிமீற்றருக்கு இது 3.7 மில்லிமீற்றர். கழிக்கவேணும்.

இரண்டாவது வரி அகலாங்கு. பூமி சுழல்வதாலும் நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதாலும் மத்தியகோட்டுக்குக் கிட்ட ஈர்ப்பு குறைவு. நியமப் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.80665. எங்கட அகலாங்கு பத்துப் பாகைக்கு ஒரு சொட்டுக் குறைவு. இஞ்ச அது 9.782 அளவில். இரசம் இஞ்ச பாரம் குறைந்து நிற்கிறது, ஆகவே தூண் நீளம் கூட. 1.9 மில்லிமீற்றர். இதையும் கழிக்கவேணும்.

மூன்றாவது வரிதான் உயரம். வளி பாரமானது, தலைக்கு மேலே நிற்கிற வளியின் பாரம்தான் அமுக்கம், மேலே ஏற ஏற அது குறையும். இதை ஓ.எல். பிள்ளையும் எழுதும். எவ்வளவு குறையும் என்றுதான் ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரு கன மீற்றர் வளி எங்கட வெக்கையில் ஏறத்தாழ 1.15 கிலோ. ஒன்பது மீற்றர் உயரத் தூண் என்றால் ஒரு சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோ சொச்சம். அந்தப் பாரம்தான் ஒரு ஹெக்டோபஸ்கால், பழைய பெயரில் ஒரு மில்லிபார். அதாவது ஒன்பது மீற்றர் ஏறினால் ஒரு ஹெக்டோபஸ்கால் போகும். இரசத்தில் சொன்னால் பன்னிரண்டு மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர். (புத்தகங்களில் எட்டேகால் மீற்றர் என்று இருக்கும். அது குளிர்நாட்டு வளி, எங்களுடையதை விடப் பாரம்.) கீரிமலையில் எந்த ஆய்வுகூட மேசையையும் கடலில் இருந்து பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு மேல் தூக்க முடியாது. ஆகக் கூடினால் ஒரு மில்லிமீற்றர்.

இப்ப மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மேசையில் உண்மையான அமுக்கம் 757.0 ஆக இருக்கிற ஒரு நாளில் இரசத் தூண் 762.6 என்று நிற்கும். உண்மைக்கும் வாசிப்புக்கும் நடுவில், இரண்டையும் சாராமல், 760 சொகுசாய் இருக்கிறது. திருத்தம் தெரியாதவருக்கும் கிட்டத்தட்டச் சரி மாதிரித் தெரியும், திருத்தின ஆளுக்கும் கிட்டத்தட்டச் சரி மாதிரித் தெரியும். அது 0 பாகை வெப்பநிலைக்கும் நியம ஈர்ப்புக்கும் வரையறுத்த எண். எங்கட பக்கம் அமுக்கம் சோளகக் காலத்தில் 1007 ஹெக்டோபஸ்காலை ஒட்டி நிற்கும். 760க்குச் சமமான 1013ஐத் தொடுவது தை மாதத்துச் சில காலைகளில்தான்.

கணக்கு இப்படிச் சொல்கிறது, கண்ணால் பார்க்கவேணுமே. இரசப் பாரமானி வாங்க எங்களிடம் காசில்லை. இரசத்தைப் பிள்ளைகளுக்குக் கிட்டக் கொண்டுவர விருப்பமும் இல்லை. இப்ப பயறு அளவில் அமுக்கச் சென்சர்கள் வருகின்றன. பிஎம்பி 280 என்ற ஒன்று, பொழுதுபோக்கு இலத்திரனியல் செய்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். சில போன்களுக்குள்ளும் இந்த வகைச் சென்சர் இருக்கிறது. இதில் ஒரு விசித்திரம்: அது சொல்கிற அமுக்கம் ஒரு ஹெக்டோபஸ்கால் அளவுக்குத் தள்ளி இருக்கலாம், ஆனால் இரண்டு வாசிப்புக்கு இடையிலான வித்தியாசத்தை அதைவிட எட்டு மடங்கு நுணுக்கமாய்ச் சொல்லும். ஊருக்குள் மேளக்கச்சேரி கேட்கிற ஆள் மாதிரி: சுருதி எது என்று சொல்லத் தெரியாது, சுருதி விலகினால் உடனே தெரியும்.

இரண்டு சென்சரை ஒரே மேசையில் அரை மணித்தியாலம் வைத்தோம். ஒன்று மற்றதை விட 0.7 கூடக் காட்டியது. அதைக் குறித்துக்கொண்டு, ஒருத்தியை ஒரு சென்சரோடு கீழே இருத்திவிட்டு, மற்றதை மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குக் கொண்டு போனோம். கீழே ஆள் இருத்தினது சும்மா இல்லை. நாங்கள் ஏறுகிற நேரத்துக்குள் வானிலையே மாறி அமுக்கம் குறைந்தால், அதை உயரம் செய்த வேலை என்று எடுத்துவிடுவோம். 0.7ஐக் கழித்த பிறகு வித்தியாசம் 1.2 ஹெக்டோபஸ்கால். ஒன்பதால் பெருக்கினால் 10.8 மீற்றர். மொட்டைமாடியில் இருந்து கயிறு விட்டு அளந்தோம்: 10.6. பிறகு ஒரு பழைய கல்லுக்கிடங்குக்குள்ளும் இறங்கிப் பார்த்தோம். அமுக்கம் 0.8 கூடியது. கீரிமலையில் உயரத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கக் கிடங்குக்குள் இறங்கவேண்டியிருக்கிறது என்று எங்களுக்குள் ஒரு சிரிப்பு.

கீழே ஆள் இருத்துகிற யோசனை எங்களுடையது இல்லை, 1648ஆம் ஆண்டினது. பஸ்கால் பாரிசில் இருந்துகொண்டு தன் அக்காவின் கணவர் புளோரின் பெரியேயிடம் ஒரு வேலை கொடுத்தார். அவர் அந்த வருசம் செப்டெம்பர் 19ஆம் திகதி பிரான்சின் பியூய் டி டோம் மலையில் இரசக் குழாயோடு ஏறினார். ஊரில் இருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரம். உச்சியில் இரசம் எட்டு சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கி நின்றது. எங்களுக்குப் பிடித்தது மலை ஏறினவரை விட, கீழே இருந்தவர். மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, அது மாறுகிறதா என்று ஒரு துறவி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மாறவில்லை. அவர் இல்லாவிட்டால் பெரியே கொண்டுவந்த எண்ணுக்குப் பெறுமதி இல்லை. அடுத்த நாள் பெரியே ஊர்த் தேவாலயக் கோபுரத்திலும் ஏறி அளந்தார். அங்கேயும் சிறு வித்தியாசம் தெரிந்தது. மலையில்லாத ஊர்க்காரருக்கு அந்த இரண்டாம் நாள்தான் முக்கியம்.

உயரத்தைப் போனிலேயே பார்க்கலாமே என்று ஒரு பிள்ளை கேட்டது. பார்த்தோம். அந்தச் செயலி எங்களைக் கடலுக்குக் கீழே எண்பது மீற்றர் ஆழத்தில் வைத்தது! போன் பழுதில்லை. செய்மதி அளப்பது பூமியின் கணித வடிவமான வழுவழுப்பான நீள்கோளத்தில் இருந்து. கடல் நிற்பது ஈர்ப்புச் சொல்கிற இடத்தில். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும் பகுதி இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்கு 106 மீற்றர் வரை கீழே, உலகத்திலேயே ஆகக் குறைந்த இடம். அது ஏன் அப்படி என்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள்: பூமிக்கு ஆழத்தில் இருந்து எழும் சூடான பாறைப் பொருள்தான் காரணம் என்று. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாங்களும் இருக்கிறோம். திருத்தம் செய்யாத செயலியின் உயரத்தை எடுத்துப் பாரமானிக் கணக்குக்குள் போட்டால் பத்து ஹெக்டோபஸ்கால் பிழைக்கும். மேசையின் உயரத்தை வேறு வழியில்தான் எடுக்கவேணும். அதைப் பிறகு சொல்கிறோம்.

இப்ப ஆசிரியர் சொன்ன மூன்றாவது வரிக்கு வருவோம். எப்ப கூட்டவேணும், எப்ப தொடக்கூடாது?

எங்கட கூட்டாளி ஒருத்தி பேராதனையில் படிக்கிறாள். அவளை அங்கேயிருந்து போன் சென்சரை வாசித்து அனுப்பச் சொன்னோம். 957. அதே நேரம் அதே போனில் வானிலைச் செயலி கண்டிக்குச் சொன்ன அமுக்கம் 1010. ஒரே போன், ஒரே நிமிசம், 53 ஹெக்டோபஸ்கால் வித்தியாசம். இரண்டும் சரி. பேராதனை கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 470 மீற்றர். சென்சர் சொல்வது அவள் நிற்கிற இடத்து அமுக்கம். செயலி சொல்வது, அந்த இடத்துக்குக் கீழே கடல்மட்டம் வரை ஒரு கிணறு வெட்டி, அதன் அடியில் பாரமானி வைத்தால் என்ன காட்டும் என்று கணக்கிட்ட அமுக்கம். வளிமண்டலவியல் திணைக்களங்கள் எல்லாம் படம் கீறுவதற்கு இந்தக் கடல்மட்ட எண்ணைத்தான் பாவிக்கின்றன. இல்லாவிட்டால் வரைபடத்தில் ஒவ்வொரு மலையும் ஒரு சூறாவளி மாதிரித் தெரியும். 1,890 மீற்றர் உயரமான நுவரெலியாவில் நிலைய அமுக்கம் 810 அளவில்தான் நிற்கும். உலகத்தில் அளந்த எந்தச் சூறாவளியின் கண்ணும் அவ்வளவு இறங்கினதில்லை.

ஆனால் ஆய்வுகூட மேசையில் கொதிக்கிற தண்ணிக்குக் கடல்மட்டம் தெரியாது. பேராதனையில் தண்ணி 98.4 பாகையில் கொதிக்கும், நுவரெலியாவில் 94 பாகையில். அங்கே வெப்பமானிக்கு மேல் நிலைத்த புள்ளி குறிக்கிறவர் செயலியின் 1010ஐ வைத்து 100க்குக் கிட்ட என்று குறித்தால் அந்த வெப்பமானி காலம் முழுக்கப் பொய் சொல்லும். வாயு சேர்த்துக் கனவளவு அளக்கிற பரிசோதனையில் 957க்குப் பதில் 1010 போட்டால் விடை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிழைக்கும். ஆய்வுகூடத்துக்கு வேண்டியது மேசை மட்டத்து அமுக்கம், அப்படியே. மூன்றாவது வரியைத் தொடக்கூடாது. வானிலைக்கு வேண்டியது கடல்மட்ட அமுக்கம். மூன்றாவது வரியைக் கூட்டவேணும். கீரிமலையில் இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கிப்போவதால் எங்கட பிள்ளைகளுக்கு இரண்டு அமுக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் பாடம் முடிந்துவிடுகிறது. பிறகு பஸ் ஏறி மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள்.

ஆங்கிலேயர் வீடுகளில் தொங்கின பழைய திரவமில் பாரமானிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வட்ட முகம், ஊசி, சுற்றிவர ஆங்கிலத்தில் புயல், மழை, மாற்றம், நல்ல வெயில், நல்ல வறட்சி என்று எழுதியிருக்கும். 28 அங்குலத்தில் புயல், 31இல் வறட்சி. அது அவர்களின் ஊருக்கும் கடல்மட்டத்துக்கும் எழுதின எழுத்து. பின்னால் உள்ள திருகாணியைத் திருப்பாமல் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஊசி 24 அங்குலத்துக்குக் கிட்டப் போய், புயலுக்கும் அங்காலே விழுந்து கிடக்கும். கீரிமலையில் அதே ஊசி வருசம் முழுக்க 'மாற்ற'த்துக்கும் 'நல்ல வெயி'லுக்கும் நடுவில் கொஞ்சமாய் ஆடிக்கொண்டிருக்கும், வெளியே வாடை மழை ஊற்றினாலும்.

கொஞ்சமாய் ஆடுகிறது என்பதுதான் எங்கட பக்கத்துச் சிக்கல். ஐரோப்பாவில் நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் முப்பது நாற்பது ஹெக்டோபஸ்கால் வித்தியாசம் சாதாரணமாய் வரும். அங்கே ஒரு மாடி ஏறினது கணக்கில் வராது. எங்கட அகலாங்கில் கப்பலோட்டிகளின் பழைய விதி வேறு: அந்தக் காலத்துக்குரிய சராசரியை விட 3 ஹெக்டோபஸ்கால் குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் சூறாவளி கிட்ட இருக்கிறது என்று எடுத்துக்கொள். மூன்று என்பது வெறும் 27 மீற்றர் உயரம். காங்கேசன்துறை வெளிச்சவீடு இருபது மீற்றர் சொச்சம். பாரமானியோடு அதன் உச்சிக்கு ஏறினால் புயல் சந்தேகத்துக்கு முக்கால்வாசி தூரம் போய்விடுவீர்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அது ஆசிரியரின் மட்டையில் இல்லை. எங்கட பக்கத்தில் அமுக்கம் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும், கடல் வற்றுப்பெருக்கு மாதிரி. காலை பத்து மணிக்கு உச்சம், பின்னேரம் நாலு மணிக்கு இறக்கம். இரவு பத்துக்கும் விடியப்புறம் நாலுக்கும் திரும்ப அதே. மேல் வளிமண்டலத்தை வெயில் சூடாக்குவதால் வருகிற அலை இது. மத்தியகோட்டுக்குக் கிட்டத்தான் பலம். காலைப் பத்துக்கும் பின்னேரம் நாலுக்கும் இடையில் மூன்று ஹெக்டோபஸ்கால் அளவு சாதாரணமாய் இறங்கும். காற்று இல்லை, மேகம் இல்லை, ஒன்றும் இல்லை.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக் கரையில் ஏறினது. அந்தக் கிழமை எங்கட பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அமுக்க எண்கள் பறந்தன. ஒருவர் மேல்மாடியில் இருந்து, இன்னொருவர் கரையில் இருந்து, ஒருவர் செயலியில் பார்த்து, ஒருவர் சென்சரில் பார்த்து. "பத்து மணியில இருந்து மூண்டு இறங்கிட்டுது" என்று ஒருவர் குரல்பதிவு போட்டதும் சனம் கலங்கிப்போச்சு. அந்த மூன்றில் பெரும்பங்கு அன்றாடம் இறங்குகிற மூன்று. உண்மையான இறக்கம் பிறகு வந்தது. அப்போது அதை நம்பக் கொஞ்சப் பேருக்கு மனமில்லை, காலையில்தானே பொய்யாய்ப் போச்சு என்று. மழை வெள்ளம் எப்படி இருந்தது என்று இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சேந்தாங்குளம் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் சென்சரைக் காட்டினோம்.

"உது என்ன சொல்லுது?"

"காத்தின்ர பாரம் சொல்லுது ஐயா. குறைஞ்சா புயல் வரும்."

"எவ்வளவு குறைஞ்சா?"

"மூண்டு குறைஞ்சா யோசிக்கவேணும். ஆனா பின்னேரத்தில எப்பவும் மூண்டு குறையும். மாடியில வைச்சாலும் குறையும்."

அவர் வலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "அப்ப நேரமும் தெரியவேணும், இடமும் தெரியவேணும். உதைத்தானே பிள்ளையள் நாங்களும் பாக்கிறம். உந்தக் கல்லில தண்ணி எந்த நேரம் எவ்வளவு நிக்கும் எண்டு எனக்குத் தெரியும். நிக்கவேண்டிய நேரத்துக்கு மேல நிண்டா வள்ளத்தை இழுத்து மேல போட்டிடுவன்."

அவர் சொன்னதில் பௌதிகவியல் இருக்கிறது. வளியின் அமுக்கம் ஒரு ஹெக்டோபஸ்கால் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் எழும். கடலே ஒரு பாரமானிதான், இரசத்துக்குப் பதில் உப்புத்தண்ணி. 1964 டிசம்பர் 22 இரவு இலங்கையின் வடக்கைக் கடந்து போய்த் தனுஷ்கோடியை அழித்த புயலில் கடல் ஏறியதற்குப் பெரும் காரணம் காற்றின் தள்ளல். அமுக்கம் தூக்கினது சிறு பங்கு. ஆனால் காற்று வர முதல், தூரத்தில் இருந்து வருகிற அலையோடும் இந்தச் சிறு எழும்பலோடும்தான் கரையில் அடையாளம் தொடங்கும். ஐயா பார்க்கிறது எந்தப் பங்கை என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அவருக்கும் அது தேவையில்லை.

மேசையின் உயரத்துக்கு மேசன் ஒருவரைப் பிடித்தோம். மேசன்மார் சுவர் மட்டம் பார்க்கிற தெளிந்த பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணி. இரண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். "கடலில இருந்தா? எத்தினை தரம் மாத்தி மாத்தி வைக்கிறது?" என்று முதலில் சிரித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களோடு நின்று, ஐயா காட்டின கல்லில் சாதாரணமாய்த் தண்ணி நிற்கிற அடையாளத்தில் இருந்து தொடங்கி, இருபது இருபது மீற்றராய் மட்டம் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கட வகுப்பு மேசை 8.7 மீற்றர். சென்சரில் பார்த்தபோது 9 வந்திருந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். மகள் அடுத்த வருசம் எங்கட வகுப்புக்கு வருகிறாளாம்.

இப்ப சுவரில் ஒரு மட்டை இருக்கிறது. இரசக் குழாய்ச் செய்முறைக்கு: வெக்கைக்கு 3.7 கழி, அகலாங்குக்கு 1.9 கழி. உயரத்துக்கு 0.7 மில்லிமீற்றர், சென்சரில் 1 ஹெக்டோபஸ்கால், வானிலைக்கு மட்டும் கூட்டு. நாலாவதாய் ஒரு வரி நாங்கள் சேர்த்தது: மணி எழுது. மட்டைக்குக் கீழே ஒரு கொப்பி கட்டித் தொங்குகிறது. காலை பத்துக்கும் பின்னேரம் நாலுக்கும் யார் நிற்கிறார்களோ அவர்கள் எழுதவேணும். ஆடி அமாவாசையன்று எழுதவில்லை, எல்லாரும் கேணியடியில் சனத்துக்குத் தண்ணி குடுத்துக்கொண்டு நின்றோம். மற்றப்படி ஐந்து மாதம் ஓடியிருக்கிறது. செய்முறைக் கொப்பிகளில் இப்ப 75.4, 76.9, 76.3 என்று விடைகள் வருகின்றன. ஒரு பிள்ளைக்கு 74.8 வந்தது, அதற்குப் பக்கத்தில் எந்த வாசிப்பில் எத்தனை மில்லிமீற்றர் பிழைத்தால் அப்படி வரும் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தது. அதுக்கு முழுப் புள்ளி போட்டோம்.

கார்த்திகை தொடங்கிவிட்டது. நேற்றுக் காலை பத்து மணிக்கு மேசை மட்டத்தில் 1010.8, நாலு மணிக்கு 1007.6. இண்டைக்குப் பத்து மணிக்கு 1009.9. வாடை கொஞ்சம் பலம். நாலு மணி வாசிப்பு இன்னும் எழுதவில்லை.